வயிற்றில் வளரும் அமானிதம்

 

கோடைக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் சரும நோய்களைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் கூறியிருந்தேன். அதனைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. காரணம், ஒரு சகோதரியிடமிருந்து வந்த கடிதம். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்காவிட்டாலும் வெளியிட்டிருக்க மாட்டேன்.

அவருக்கு 24 வயது. கணவர் சபராளி. எட்டு மாதங்களுக்கு முன் விடுமுறையில் வந்து, இரண்டு மாதம் தங்கித் திரும்பிச் சென்றிருக்கிறார். இப்போது சகோதரிக்குத் தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பது போல் இவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு 'நம்பிக்கை மையத்திற்கு' அனுப்பி மறுமுறை சோதித்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இருப்பது உறுதியாயிற்று. அவர் எழுதுகிறார்: மாமியிடம் சொல்லவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். "பிள்ளையைக் கலைத்துவிடு, யாருக்கும் தெரியாமல் போகும்" என்று அவள் அழுகிறாள். என் பிள்ளைக்கும் இது வந்துவிடுமா? நான் பால் கொடுக்கலாமா? யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

மூன்று கேள்விகள். இவற்றைத் தனிக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு, இப்பக்கத்தில் வழக்கம்போல் சரும நோயைப் பற்றி எழுதியிருக்கலாம். ஆனால் இக்கடிதத்தை எழுதியவர் ஒருவர். இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதாமலிருப்பவர்கள் எத்தனை பேரோ! "நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சோதனை எதற்கு?" என்று மருமகளை வெறுங்கையாக வீட்டிற்கு அழைத்துவரும் மாமியார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் படிக்கட்டும் என்றே இங்கு எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். சகோதரியே, உங்கள் பிள்ளைக்கு இக்கிருமி வந்தே தீரும் என்பது உண்மையன்று. முறையாக மருந்து உட்கொண்டால் வராமல் இருப்பதற்கே மிக மிக அதிக வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு காரணத்திற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியம் இல்லை. அக்காவின் கண்ணீர் அன்பினால் வந்தது. ஆனால் அவர் சொல்லும் வழி அறியாமையினால் வந்தது.

இதனை விளங்கிக்கொள்ளக் கிருமி எவ்வழியில் செல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாயின் இரத்தம் நேராகக் குழந்தையின் உடலுக்குள் ஓடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று. இரண்டுக்கும் இடையே நஞ்சுக்கொடி ஒரு திரைபோல நிற்கிறது. உணவும் பிராணவாயுவும் அதன் வழியே குழந்தைக்குச் செல்கின்றன. தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் பொதுவாகக் கலப்பதில்லை. அந்தத் திரையையும் மீறிச் சில வேளைகளில் கருவிலேயே கிருமி சென்றுவிடக்கூடும். பேறுகாலத்தில், தாயின் இரத்தமும் கசிவுகளும் குழந்தையின் மேல் படும்போது ஆபத்து அதிகம். அதன்பின் தாய்ப்பால் வழியாகவும் செல்லக்கூடும். ஆக, வழிகள் மூன்று: கருப்பை, பேறு, பால்.

மருந்து எதுவும் எடுக்காமல் விட்டுவிட்டால், இக்கிருமி உள்ள 100 தாய்மார்களின் குழந்தைகளில் 15 முதல் 45 பேர் வரை இம்மூன்று வழிகளில் ஒன்றால் கிருமியைப் பெறக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்றும் செய்யாவிட்டால்கூடப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் தப்பிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். உரிய சிகிச்சை அளித்தால் அந்த எண்ணிக்கையை 100க்கு 5க்கும் கீழே கொண்டுவர முடியும். தாயின் இரத்தத்தில் கிருமியின் அளவு பேறுகாலத்திற்கு முன்பே முழுவதுமாக அடங்கியிருந்தால், பேற்றின்போது தொற்றும் வாய்ப்பு 100க்கு 1 அல்லது அதற்கும் குறைவு.

இந்நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி மருத்துவர் நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தார்கள். அப்போது மருந்தே இல்லை. 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. கர்ப்பிணிக்கும், பிறந்த குழந்தைக்கும் சிடோவுடின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, 100க்கு 25 என்றிருந்த தொற்று 8 ஆகக் குறைந்தது. தாயிடமிருந்து சேய்க்குச் செல்வதைத் தடுக்க முடியும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, ஏழை நாடுகளுக்கும் வழி திறந்தது. பேற்றுவலி தொடங்கும்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த மூன்று நாட்களுக்குள் குழந்தைக்கு ஒரு வேளைச் சொட்டு மருந்து; அவ்வளவே. சிடோவுடினைச் சில நாட்கள் மட்டும் கொடுக்கும் முறையோடு ஒப்பிடுகையில், இது தொற்றைப் பாதியளவு குறைத்தது.

நம் நாட்டில் 2002இல் இதற்கான அரசுத் திட்டம் தொடங்கியது. 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய இடங்களுள் தாம்பரம் காச நோய் மருத்துவமனையும் ஒன்று. 2014 முதல், எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், அவருடைய எதிர்ப்புச் சக்தியின் அளவு எதுவாயினும், உடனே சிகிச்சை தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பது விதியாயிற்று. ஒரு மாத்திரையோடு நிறுத்திய காலம் போய், தாயையும் சேர்த்துக் காப்பாற்றும் காலம் வந்தது. இது பெரிய மாற்றம். தாய் இறந்து பிள்ளை மட்டும் பிழைத்தால் அது வெற்றியாகுமா?

சகோதரியே, இப்போது நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

நம்பிக்கை மையத்தில் உங்களைக் கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்திற்கு அனுப்பியிருப்பார்கள். இன்னும் போகவில்லையென்றால், இவ்விதழை வைத்துவிட்டு நாளையே புறப்படுங்கள். நாளுக்கு ஒரு மாத்திரை. மூன்று மருந்துகள் அதில் அடங்கியிருக்கும். ஆறாம் மாதம் என்பது காலம் கடந்துவிட்ட நிலையன்று. பேற்றுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இன்றைய மருந்துகள் பெரும்பாலானவர்களின் இரத்தத்தில் கிருமியின் அளவை அதற்குள் அடக்கிவிடக்கூடியவை. ஆனால் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும் நாள். எட்டாம் மாதத்தை ஒட்டிக் கிருமியின் அளவைச் சோதிப்பார்கள். அச்சோதனையைத் தவற விடாதீர்கள். குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைத் தீர்மானிக்க அது உதவும்.

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளும் கொடுப்பார்கள். அவற்றை வெறும் வயிற்றில் இம்மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், இதிலுள்ள டொலுடெக்ராவிர் என்னும் மருந்து உடலில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மருந்து கொடுப்பவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரமலான் மாதம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நோன்பு நோற்கும் காலத்திலும், நாளுக்கு ஒருமுறை உண்ணும் இம்மாத்திரையை இரவு வேளைக்கு மாற்றிக்கொள்ள மருத்துவர் வழி சொல்வார்.

பேற்றை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலை அங்குள்ள மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இக்கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்க வேண்டியதில்லை, சுகப்பிரசவமே ஆகலாம். பிறந்தவுடன் குழந்தைக்குச் சொட்டு மருந்து தொடங்குவார்கள். குறைந்தது ஆறு வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். அதன்பின் வேறு நோய்கள் அண்டாமலிருக்க இன்னொரு மருந்தும் கொடுப்பார்கள்.

இரண்டாவது கேள்வி: பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம். பாலூட்டலின் முழுமையான காலம் இரண்டாண்டு என்பதைத் திருமறையின் வழியே அறிந்து வளர்ந்த நமக்கு, இக்கேள்வி எவ்வளவு வலிக்கும் என்பது தெரியும். மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும் தாய் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பிறகு மற்ற உணவோடு சேர்த்து ஓராண்டு வரையிலாவது, இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டியிருக்கிறது. இங்கு 'மட்டும்' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலும் கொடுத்து, இடையிடையே பசும்பால், மாவுப்பால், கஞ்சி ஆகியவற்றையும் கொடுப்பதே ஆபத்தானது. அவை பிஞ்சுக் குடலின் மெல்லிய உட்புறத்தைப் புண்படுத்திக் கிருமி நுழைய வழி செய்யக்கூடும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, கலந்து ஊட்டப்பட்ட குழந்தைகளைவிடத் தாய்ப்பால் மட்டும் பருகிய குழந்தைகளிடம் தொற்று குறைவு என்று காட்டியது.

இவ்விடத்தில் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதும், தேன் தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் நம் ஊர்களில் வழக்கம். அன்பினால் செய்வதே. எனினும் இக்குழந்தைக்கு மட்டுமன்று, எக்குழந்தைக்கும் மருத்துவர்கள் அவற்றை வேண்டாம் என்கிறார்கள். தேனை ஓராண்டு நிறையும் முன் கொடுக்கவே கூடாது. பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் வழக்கமுள்ள வீடுகளில், அதனைச் செய்யுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவர்கள் மென்று கொடுத்த உணவின் வழியே, மெல்லுபவரின் ஈறிலிருந்து கசிந்த இரத்தத்தால் குழந்தைகளுக்குக் கிருமி சென்றிருக்கக்கூடும் என்று அமெரிக்காவில் 2009இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதான நிகழ்வுதான், ஆனால் தவிர்க்கக்கூடியது. அதேபோல், தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் உறவுக்காரப் பெண் ஒருவர் பால் கொடுப்பதும் நம்மிடையே உண்டு. அதனால் பால் உறவு ஏற்படுவதை எண்ணிப் பார்க்கும் நாம், கொடுப்பவரின் இரத்தம் சோதிக்கப்பட்டதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு நோய் இல்லை என்பதை எப்போது அறியலாம்? இங்கேதான் பலர் கலங்கிப் போகிறார்கள். தாயின் உடலில் உண்டான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் சென்றிருக்கும். ஆகையால் சாதாரணச் சோதனையில் குழந்தைக்கும் 'இருக்கிறது' என்றே காட்டும். அது குழந்தையின் நோயைக் குறிப்பதன்று. தாயின் நிழலே குழந்தையின் மேல் விழுந்திருக்கிறது. அந்நிழல் மறைய 18 மாதம் வரை ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியாது என்பதால், ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் சிறிதாகக் குத்தி, சில சொட்டு இரத்தத்தை ஓர் அட்டையில் உலர்த்தி அனுப்புவார்கள். அதில் கிருமியையே நேராகத் தேடுகிறார்கள். ஆறாம் மாதத்திலும், ஓராண்டிலும், பால் நிறுத்தி ஆறு வாரம் கழித்தும் மறுபடி சோதிப்பார்கள். 18 மாதத்தில், பால் நிறுத்தியபின் எடுக்கும் சோதனையே இறுதியானது. ஒருவேளை கிருமி இருப்பதாகத் தெரிந்தாலும் உடனே சிகிச்சை தொடங்கினால் அக்குழந்தையும் வளர்ந்து, பள்ளி சென்று, நீண்ட நாள் வாழலாம். முதல் சோதனையில் 'இல்லை' என்று வந்தவுடன் மையத்திற்குச் செல்வதை நிறுத்திவிடுவது பெரும் தவறு. பால் பருகும் காலமெல்லாம் கண்காணிப்பும் வேண்டும்.

மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. யாரிடம் சொல்வது? முதலில் உங்கள் கணவரிடம். தொலைபேசியில் திடீரெனச் சொல்ல அஞ்சினால், நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் கலந்துகொள்ளுங்கள். எப்படிச் சொல்வது என்பதற்கும் அவர் துணை நிற்பார். கணவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு இருந்தால் அவரும் சிகிச்சை பெற வேண்டும். மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவருடைய நிலையை அவருடைய அனுமதியின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. மருத்துவமனையிலும் வேலையிலும் கல்விக்கூடத்திலும் இதனைக் காட்டி ஒதுக்குவதையும் அது தடை செய்கிறது. தகவலும் ஆலோசனையும் பெற 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.

இனிக் கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கர்ப்பக் காலத்தில் பெண்ணைத்தான் சோதிக்கிறார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் இக்கிருமி பெண்ணிடமே முதலில் தெரிய வருகிறது. முதலில் தெரிந்தது அவளிடம் என்பதால், முதலில் வந்தது அவளிடம்தான் என்று ஆகிவிடாது. இந்தச் சிறு உண்மையை உணராமல் எத்தனை மருமகள்கள் வயிற்றுச் சுமையோடு தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள்! எப்படி வந்தது என்று துருவுவதால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. பாதுகாப்பற்ற உறவு மட்டுமன்று, சோதிக்கப்படாத இரத்தம், பலருக்குப் பயன்படுத்திய ஊசி ஆகியவற்றாலும் இது வரக்கூடும். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் அமர்வதாலோ, ஆரத் தழுவுவதாலோ, பேரப்பிள்ளையை முத்தமிடுவதாலோ வராது. மருமகளுக்குத் தனிக் குவளை வைப்பது மருத்துவமும் அன்று, மார்க்கமும் அன்று.

கணவன்மார்களே! மனைவிக்குச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. கிருமி உடலில் புகுந்த முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமலிருக்கக்கூடும். அந்நாட்களில்தான் இரத்தத்தில் அதன் அளவு மிக அதிகம். கர்ப்பக் காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து பன்மடங்கு. பல மாதம் பிரிந்திருந்து ஊர் திரும்புபவர்கள் தாமே முன்வந்து சோதித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இதே சோதனையை முதலாளிக்காகச் செய்துகொள்ளும் நாம், மனைவிக்காகவும் பிள்ளைக்காகவும் செய்யத் தயங்கலாமா?

இது நடக்கக்கூடியதுதானா என்று ஐயுறுபவர்கள் உலகைப் பார்க்கட்டும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடாக 2015இல் கியூபாவை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2016இல் தாய்லாந்து, 2018இல் மலேசியா, 2019இல் மாலத்தீவும் இலங்கையும், 2022இல் ஓமன் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இவற்றுள் நம் மக்கள் வேலைக்குச் செல்லும் நாடுகளும், நம் உறவினர் வாழும் நாடுகளும் உண்டு. கர்ப்பிணிகளை விடாமல் சோதித்து, கிருமி உள்ளவருக்குக் காலத்தில் மருந்து கொடுத்து, குழந்தையை இறுதிச் சோதனை வரை பின்தொடர்ந்ததே அந்நாடுகள் செய்த வேலை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நம் நாட்டில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். மருமகளின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு மாமியார் மட்டும் வேண்டும்.

சகோதரியே, குழந்தை ஓர் அமானிதம் என்று நாம் சொல்கிறோம். அமானிதத்தைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் கணவருக்கும், மாமிக்கும், அழுகின்ற அந்த அக்காவுக்கும் சேர்த்தே உரியது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அக்காவையே துணைக்கு அழைத்துக்கொண்டு மையத்திற்குச் செல்லுங்கள். முதல் மாத்திரையை விழுங்கிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். பிள்ளை பிறந்ததும் ஒரு கடிதம், ஆறாவது வாரச் சோதனை முடிந்ததும் ஒரு கடிதம், 18 மாதம் நிறைந்ததும் ஒரு கடிதம். அம்மூன்று கடிதங்களையும் எதிர்பார்த்துத் துஆவுடன் காத்திருக்கிறேன்.

சரும நோய்களைப் பற்றி அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.